மசாஜ் நிலைய முற்றுகையும் ஆட்கடத்தலும்: எழுதும்போதும் பேசும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மசாஜ் நிலையம் என்ற பெயரில் இயங்கிவந்த விபசார விடுதி முற்றுகை, ஐந்து பெண்கள் கைது." கொழும்பில் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு இந்தத் தலைப்பு மனப்பாடம். ஊரும் எண்ணிக்கையும்தான் மாறும். பெண்களின் வயது, சொந்த ஊர் எல்லாம் விவரமாக இருக்கும். கட்டடம் யாருடையது, இலாபம் யாருக்குப் போனது என்பது பெரும்பாலும் இருக்காது. இதை அப்படியே ஆட்கடத்தல் ஒழிப்பின் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அதுதான் முதல் தவறு.

ஆட்கடத்தல் தனிக்குற்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவு 2006 இல் திருத்தப்பட்டது. தண்டனை 2 முதல் 20 ஆண்டு சிறை. வயது வந்தவர் விடயத்தில் அது மூன்றைக் கேட்கிறது: ஆளைச் சேர்த்தார்களா அல்லது கொண்டுபோனார்களா, அதற்கு மிரட்டலோ ஏமாற்றோ பயன்பட்டதா, நோக்கம் சுரண்டலா. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் நடுக்கேள்வி தேவையில்லை. இலங்கை 2015 இல் ஏற்புறுதி செய்த, ஆட்கடத்தலைத் தடுக்கும் ஐ.நா. பலர்மோ நெறிமுறையின் அடிப்படையும் இதுதான்.

அடுத்தது, பாலியல் தொழில் செய்வதே குற்றம் என்று எழுதுவது. வயது வந்த ஒருவர் அதைச் செய்வதைத் தனிக்குற்றமாக்கும் பிரிவு இங்கே கிடையாது. 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் பொது இடத்தில் பாலியல் தொழிலுக்கு ஆள் அழைப்பதைத் தண்டிக்கிறது. 1889 ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம் விடுதி நடத்துவதைத் தண்டிக்கிறது. இரண்டும் வெள்ளைக்காரன் போட்டவை. ஆள் அழைத்ததற்கு உச்ச அபராதம் 100 ரூபாய், அல்லது ஆறு மாதச் சிறை. நூறு ரூபாய் இன்று பிளேன்டீக் காசு. உண்மையான தண்டனை வேறு: பொலிஸ் கூண்டில் ஓர் இரவு, நீதிமன்றத்தில் பெயர், வீட்டுக்குத் தெரிந்துவிடும் பயம். சிலரை நுகேகொட கங்கொடவிலவில் உள்ள மெத்செவன தடுப்பு இல்லத்துக்கும் அனுப்புவார்கள்.

மூன்றாவதுதான் பெரிய தவறு: முற்றுகையை மீட்பு என்று நம்புவது. இப்படி வைத்துக்கொள்வோம். பதுளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண்ணை வரவேற்பு மேசை வேலை என்று சொல்லிக் கொழும்புக்குக் கூட்டிவருகிறார்கள். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, முற்பணத்தைக் கடனாக எழுதிவிடுகிறார்கள். சட்டப்படி இது அச்சொட்டாக 360இ. முற்றுகையில் அவளும் பிடிபடுகிறாள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுகிறது. வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வைக்கிறாள். மறுநாள் சட்டத்தரணி இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடலாம் என்று பக்கத்தில் நிற்கிறவர் சொல்ல, ஒப்புக்கொள்கிறாள். வழக்கு முடிந்தது. கூட்டிவந்தவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சாட்சியாக இருக்க வேண்டியவளைக் குற்றவாளியாக்கினால் கடத்தல்காரனுக்கு எதிராகப் பேச ஆள் எங்கே? பக்கத்து அறையில் தானே விரும்பி வேலை செய்தவளும் அதே ஜீப்பில்தான் ஏறினாள். இருவரில் எவருக்கும் அந்த முற்றுகையால் நன்மையில்லை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. சுகாதார அமைச்சின் பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் ஆணுறை கொடுத்து, கூச்சப்படாமல் பரிசோதனைக்கு வாருங்கள் என்கிறது. பொலிஸார் கைப்பையைத் திறந்து அதே ஆணுறையைச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று இந்தப் பெண்கள் பல காலமாகச் சொல்கிறார்கள். அப்புறம் யார் கையில் ஆணுறை வைத்திருப்பார்கள்?

சரி, மறுபக்கமும் தவறு செய்கிறது. பாலியல் தொழிலாளர் உரிமை பேசுகிற நம்மில் சிலர், கடத்தல் என்பதே அரசு கட்டிய கதை என்பதுபோல் பேசிவிடுகிறோம். "அவள் சம்மதித்துத்தானே வந்தாள்" என்பது எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் வாதம். ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தைப் பலர்மோ நெறிமுறை கணக்கில் எடுப்பதில்லை.

ஆட்கடத்தல் என்றாலே பாலியல் தொழில் என்று நினைப்பதும் பழைய பழக்கம். 2002 ஆம் ஆண்டின் சார்க் உடன்படிக்கையே கடத்தலை விபசாரத்துக்கானது என்று மட்டும்தான் வரையறுத்தது. அதற்கான சட்டத்தை இலங்கை 2005 இல் இயற்றியது. ஆனால் 2022 இல் ஓமானில் சிக்கியவர்கள் வீட்டு வேலைக்கென்று விசிட் விசாவில் போன பெண்கள். மியன்மார் மியாவாடியின் இணைய மோசடி முகாம்களில் சிக்கியவர்கள் கணினி வேலை என்று நம்பிப்போன இளைஞர்கள். கண் முழுக்க மசாஜ் நிலையத்தில் இருந்தால் போலி முகவர்கள் நிம்மதியாகத் தொழில் செய்வார்கள்.

வெளிநாட்டுச் சட்டத்தை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் கவனம் தேவை. சுவீடன் 1999 இல் பாலியல் சேவையை வாங்குபவரைக் குற்றவாளியாக்கியது. நியூசிலாந்து 2003 இல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆனால் தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, அதற்குச் சொன்ன காரணமும் கடத்தல் தடுப்புத்தான். அமெரிக்கா 2018 இல் பாலியல் தொழில் விளம்பரங்களுக்கு இணையத்தளங்களைப் பொறுப்பாக்கியது. அங்கே விளம்பரம் போட்டுவந்த பெண்கள், வாடிக்கையாளரை முன்கூட்டி விசாரிக்கும் வழி போய்விட்டது என்றார்கள். இந்திய உச்சநீதிமன்றம் 2022 மே மாதம் சொன்னது நமக்குக் கிட்ட வருகிறது: விடுதி முற்றுகையின்போது தாமாக விரும்பித் தொழில் செய்யும் வயது வந்தவர்களைக் கைது செய்யவோ தண்டிக்கவோ கூடாது.

அடுத்த முற்றுகைச் செய்தி மேசைக்கு வரும்போது பெண்களின் ஊரையும் வயதையும் விட்டுவிடுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வழக்கு, உரிமையாளர் கைதானாரா, வாக்குமூலம் எந்த மொழியில் எடுக்கப்பட்டது என்று பொலிஸ் பேச்சாளரிடம் கேளுங்கள். 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. அதன் கீழ் யாராவது சேர்க்கப்பட்டார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.