டான்யூப் கரையோரம் இருவராகச் சைக்கிள் பயணம்: கொங்குநாட்டிலிருந்து முதன்முறை கிளம்புபவர்களுக்கு

வெளிநாட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டே ஊர் பார்க்க நினைக்கும் தம்பதிக்கு முதல் பயணமாக எந்தப் பாதை என்று கேட்டால், ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை டான்யூப் ஆற்றோரம் போகும் பாதையைத் தயங்காமல் சொல்வோம். சுமார் 320 கிலோமீட்டர். ஆறு ஓடும் திசையிலேயே போகிறோம், ஏற்றம் மிகக் குறைவு. காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசி முதுகைத் தள்ளும். வழியின் பெரும்பகுதியில் கார், லாரி கிடையாது. ஏழு நாளில் நிதானமாக முடிக்கலாம்.

ஆனால் சமதளம்தானே என்று பயிற்சி இல்லாமல் போனால் மூன்றாம் நாள் சீட்டில் உட்கார முடியாது. இருவரில் ஒருவருக்கு முடியாமல் போனாலும் பயணம் இருவருக்குமே கெடும். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு முடிவையும் உங்களில் மெதுவாக ஓட்டுபவரை வைத்தே எடுங்கள்.

விசா

மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நல்ல காலம். ஜெர்மனி, ஆஸ்திரியா உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாள் முன்பு வரை வாங்குவார்கள் என்றாலும் அவ்வளவு தள்ளாதீர்கள். கோடையில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே கஷ்டம். பாசாவில் தொடங்குகிறோமே என்று ஜெர்மனிக்கு விண்ணப்பிப்பது தவறு. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பயணத்தில் அது ஆஸ்திரியா. ஆளுக்கு 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லும் பாஸ்போர்ட் வேண்டும். நாள்வாரியாக எந்த ஊர், எந்த விடுதி என்று ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். தினம் ஒரு ஊரில் தங்கும் பயணம் என்பதால் அந்தத் தாள் இல்லாமல் விண்ணப்பம் குழப்பமாகத் தெரியும். காப்பீடு சைக்கிள் விபத்துக்கும் செல்லுமா என்று நிபந்தனைகளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எட்டு வாரப் பயிற்சி

முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 10 கிலோமீட்டர். அடுத்த இரண்டு வாரம் 20. ஐந்தாம், ஆறாம் வாரங்களில் ஞாயிறுதோறும் 35 முதல் 40. கடைசி இரண்டு வாரம்தான் முக்கியம்: சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து 45 கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஒரே நாளில் 60 ஓட்டிவிடுவது பெரிதல்ல. மறுநாள் காலையில் மீண்டும் அதே சீட்டில் உட்காரும்போதுதான் வலி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. ஈரோட்டுக்காரர்களுக்குக் காளிங்கராயன் வாய்க்கால் கரை இருக்கிறது. தண்ணீரை ஒட்டியே மணிக்கணக்கில் ஓட்டும் பழக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கோபி, பெருந்துறைப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போய்த் திரும்பினால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஆகிவிடும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் எதிர்த்து வீசும்போது ஒருநாளாவது மேற்கு நோக்கி ஓட்டிப் பாருங்கள். முன்னால் போகிறவரின் பின்னே ஒரு சைக்கிள் நீளம் விட்டு ஒட்டிப் போனால் பின்னவருக்குப் பாடு நன்றாகக் குறையும். எதிர்க்காற்றில் வலுவுள்ளவர் முன்னால் போகட்டும், மற்ற நேரத்தில் மெதுவாகப் போகிறவர் முன்னால். பின்னால் விடப்பட்டவர் எட்டிப்பிடிக்கவே மிதித்துக் களைத்துப்போவதை இது தடுக்கும்.

சீட் உயரத்தை இங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தாலோ, இடுப்பு இருபுறமும் ஆடினாலோ சீட் உயரம். அரை அரை சென்டிமீட்டராக மாற்றுங்கள்.

வாடகைச் சைக்கிள்

சொந்தச் சைக்கிளைப் பெட்டி கட்டி விமானத்தில் ஏற்றும் வேலை முதல் பயணத்துக்கு வேண்டாம். பாசாவில் எடுத்து வியன்னாவில் விடும் வாடகை வசதி உண்டு. கோவையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் இல்லை. சார்ஜா வழியாகவோ சென்னை, பெங்களூரு வழியாகவோ வியன்னா போய், ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் பாசாவ் சேரலாம்.

பதிவு செய்யும்போது இருவரின் உயரத்தோடு உள்கால் அளவையும் அனுப்புங்கள். சுவரை ஒட்டி நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு புத்தகத்தை மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளப்பதே உள்கால் அளவு. குறுக்குக்கம்பி தாழ்ந்த சட்டம் இருவருக்குமே ஏறி இறங்க வசதி. வேகத்தில் வித்தியாசம் அதிகம் என்றால் ஒருவருக்கு மட்டும் மின்சைக்கிள் எடுங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வரைதான் மோட்டார் உதவும், அதற்கு மேல் உங்கள் கால்தான்.

எடுத்ததும் பிரேக்கைச் சோதியுங்கள். நம்மூரில் வலதுகை முன்பிரேக். அங்கே பெரும்பாலும் இடதுகைதான் முன்பிரேக். பழக்கத்தில் இடதுகையை இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் நின்று ஆள் தலைகுப்புற விழலாம். சில வண்டிகளில் பெடலைப் பின்னால் மிதித்தாலும் பிரேக் பிடிக்கும். பெடலைப் பின்னுக்குச் சுற்றி விளையாடும் பழக்கம் உள்ளவர்கள் கவனம். வெளியே கிளம்புமுன் வாகனம் இல்லாத இடத்தில் பத்து நிமிடம் இருவரும் ஓட்டிப் பாருங்கள்.

போக்குவரத்து வலப்பக்கம். காலையில் முதல் திருப்பத்திலும், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போதும்தான் இடப்பக்கம் போய்விடுகிறோம். அந்த இரண்டு நேரமும் பின்னால் வருபவர் "வலது" என்று சத்தமாகச் சொல்வதை வழக்கமாக்குங்கள்.

ஏழு நாள்

முதல் நாள் பாசாவிலிருந்து ஷ்லோகன், சுமார் 42 கிலோமீட்டர். கிளம்புமுன் டான்யூப், இன், இல்ஸ் ஆறுகள் மூன்றும் கூடும் முனையைப் பாருங்கள். பவானி கூடுதுறை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகவே இராது. ஷ்லோகனில் ஆறு மலையைச் சுற்றி வளைந்து திரும்புகிறது. மேலிருந்து அதைப் பார்க்க ஏறிப் போகும் நடைபாதை உண்டு, சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டுப் போங்கள்.

இரண்டாம் நாள் தென்கரையில் கிளம்பி லின்ஸ், 50. மூன்றாம் நாள் கிரைன், 60. இதுதான் நீண்ட நாள். வழியில் மவுத்தாவுசன் நாஜி வதைமுகாம் நினைவிடம் மேட்டின் மேல் இருக்கிறது. அதைப் பார்ப்பதானால் அரைநாள் ஒதுக்கி, அன்றைய தூரத்தை ரயிலால் குறைத்துக்கொள்ளுங்கள். ஓட்டமும் நடையுமாகப் பார்க்கக்கூடிய இடம் அல்ல அது.

நான்காம் நாள் மெல்க், 48. கிரைனுக்குப் பிறகு தென்கரை அமைதியானது. 1089-இல் தொடங்கிய மெல்க் மடாலயத்தை மறுநாள் காலை கூட்டம் சேருமுன் பாருங்கள்.

ஐந்தாம் நாள் மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் 36 கிலோமீட்டர்தான், ஆனால் முழுநாள் கொடுங்கள். வாக்காவ் எனும் இந்தப் பள்ளத்தாக்கு 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், நடுநடுவே ஆப்ரிகாட் மரங்கள். பாலம் கடந்து வடகரையில் போனால் துயர்ன்ஷ்டைன் வரும். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192-93-இல் சிறைவைத்த கோட்டையின் இடிபாடு ஊருக்கு மேலே தெரியும்.

ஆறாம் நாள் கிரெம்சில் தென்கரைக்கு மாறி துல்ன், 45. ஏழாம் நாள் வியன்னா, 38.

மணிக்கு 15 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் 45 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் மிதிப்பு. சாப்பாடு, படம், படகுக்குக் காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம் வையுங்கள். ஆற்றைக் கடக்கும் சிறு படகுகளுக்குச் சில்லறை யூரோ கையில் வேண்டும்.

பையும் சாப்பாடும்

பெரிய பெட்டியை விடுதிக்கு விடுதி வேனில் சேர்க்கும் சேவை இருக்கிறது; எடுத்துக்கொள்ளுங்கள். உங்களோடு மழைக்கோட்டு, ஒரு உபரி டியூப், டயர் நெம்பி, பம்ப், தண்ணீர் போதும். பருத்தி பனியன் வேண்டாம்: வியர்வையில் நனைந்து, இறக்கத்தில் காற்றடிக்கும்போது குளிர் ஏறும். சீக்கிரம் காயும் பாலியஸ்டர் சட்டை திருப்பூரிலேயே மலிவாகக் கிடைக்கும். மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை போடாதீர்கள். அதன் தையல்தான் தோலை உரிக்கும்.

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு போகலாம். நெய், பால்கோவா, கறி வற்றல், பச்சைக் கறிவேப்பிலை ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகும்போது சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். ஆஸ்திரியாவில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனி மாலையே ரொட்டி, பழம் வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

திட்டம் தவறும்போது

கிழக்கிலிருந்து காற்று வீசினாலோ மழை விடாவிட்டாலோ பிடிவாதம் வேண்டாம். லின்சுக்குக் கீழே பாதையோரம் ரயில் நிலையங்கள் அடிக்கடி வரும். உள்ளூர் ரயிலில் சைக்கிளுக்குத் தனிச்சீட்டு எடுத்து ஏற்றிக்கொள்ளலாம், தொலைதூர ரயிலுக்கு முன்பதிவு வேண்டும். வெள்ளத்தால் பாதை மூடப்படுவதும் உண்டு. 2024 செப்டம்பரில் கீழ் ஆஸ்திரியா மாநிலம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. முந்தைய இரவே விடுதியில் விசாரித்துவிடுங்கள்.

வியன்னாவில் சைக்கிளை ஒப்படைக்குமுன் செயின், சக்கரம், சட்டம் மூன்றையும் படம் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பிறகே முன்பணம் திரும்பும்.