துருவ மீத்தேன் ட்ரெய்னீ வேலைக்கு அப்ளை பண்றீங்களா, முதல்ல ஒரு ஃபைலை ஓப்பன் பண்ணிப் பாருங்க

ஐரோப்பிய விண்வெளி முகமை, நாம ஈசான்னு சொல்றது, வருஷா வருஷம் பிப்ரவரி வாக்குல கிராஜுவேட் ட்ரெய்னீ இடங்களை அறிவிப்பாங்க. அதுல சாட்டிலைட் வச்சு கிரீன்ஹவுஸ் கேஸ் பாக்கற வேலை, அதுலயும் ஆர்க்டிக் பக்கம் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு பாக்கற வேலைன்னா சரியா எப்படித் தயார் ஆகறதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா இங்க எழுதறேன்.

முதல்ல பாஸ்போர்ட் விஷயத்தை முடிச்சிடுவோம். ஈசா உறுப்பு நாடுகளோட குடியுரிமை வேணும், கனடா மாதிரி ஒப்பந்தம் போட்ட நாட்டுக்காரங்களும் போடலாம். அதனால லண்டன்லயோ ஜூரிச்லயோ ஓஸ்லோவுலயோ டொரன்டோவுலயோ வளர்ந்த நம்ம பசங்க தாராளமா அப்ளை பண்ணலாம், பிரெக்ஸிட் ஆனதுனால பிரிட்டன் வெளிய போச்சுன்னு நினைக்காதீங்க, ஈசா வேற, ஐரோப்பிய யூனியன் வேற. மாஸ்டர்ஸ் கடைசி வருஷத்துல இருக்கணும் இல்ல இப்பதான் முடிச்சிருக்கணும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்னா இந்தக் கதவு இல்ல, ஆனா பக்கத்துல வேற கதவு இருக்கு, கடைசியில சொல்றேன்.

சரி, வேலை என்னன்னு புரிஞ்சுக்காம அப்ளிகேஷன் லெட்டர் எழுத உக்காராதீங்க. "பருவநிலை மாற்றத்தைத் தடுக்கணும்னு சின்ன வயசுல இருந்து ஆசை"ன்னு எழுதற லெட்டர் மூட்டை மூட்டையா வரும். இந்த வேலையோட உண்மையான விஷயம் வேற, துருவத்துல சாட்டிலைட்டுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அது ஏன்னு தெரிஞ்சவங்கதான் அவங்களுக்கு வேணும்.

கொஞ்சம் விளக்கமா சொல்றேன். சென்டினல்-5பிங்கற ஐரோப்பிய சாட்டிலைட் 2017 அக்டோபர்ல போச்சு, அதுல ட்ரோப்போமின்னு ஒரு கருவி, பூமியில பட்டுத் திரும்பி வர்ற சூரிய வெளிச்சத்தைப் பிரிச்சுப் பாத்து, 2.3 மைக்ரான் அலைநீளத்துப் பக்கத்துல மீத்தேன் எவ்வளவு வெளிச்சத்தை முழுங்கியிருக்குன்னு கணக்குப் போடும். துருவத்துக்கு மேல சுத்தற ஆர்பிட், ஒரு நாளைக்கு 14 சுத்து, ஒவ்வொரு சுத்துலயும் துருவத்துக்கிட்ட வருது. அதாவது சென்னைக்கு மேல ஒரு நாளைக்கு ஒரு தடவை வந்தா, வட துருவத்துக்கிட்ட இருக்கற நார்வே தீவுக்கூட்டம் ஸ்வால்பார்டுக்கு மேல பல தடவை போகுது. அப்ப துருவத்துலதான நிறைய டேட்டா இருக்கணும்? இல்ல, அங்கதான் கம்மி. குளிர்காலத்துல சூரியனே வராது, வெளிச்சம் இல்லாம இந்தக் கருவி ஒண்ணும் பண்ண முடியாது. சூரியன் வந்த பிறகும் அடிவானத்தை ஒட்டியே உருளும், வெளிச்சம் காத்துக்குள்ள ரொம்ப தூரம் சாய்வா வர்றதால கணக்கு ஆட்டம் காணும். அப்பறம் பனி. நம்ம கண்ணைக் கூச வைக்கற பனி 2.3 மைக்ரான்ல பாத்தா கரி மாதிரி கறுப்பு, கிட்டத்தட்ட எதையுமே திருப்பி அனுப்பாது. கடலும் அந்த அலைநீளத்துல அப்படித்தான் இருட்டு. இதுல பனிக்கு மேல மேகம் நின்னா எது மேகம் எது தரைன்னு பிரிக்கறது தனித் தலைவலி.

தரையும் காத்தும் வெளிய விடற வெப்பக் கதிரை வச்சு இருட்டுலயும் பாக்கற தெர்மல் இன்ஃப்ராரெட் கருவிகளும் இருக்கு, மெட்ஆப் சாட்டிலைட்ல இருக்கற ஐயாசி மாதிரி. சூரியன் வேண்டாம், ஆனா அது நல்லா உணர்றது நடு உயரத்துக் காத்தை, தரையை ஒட்டி என்ன கசியுதுன்னு அவ்வளவாத் தெரியாது, அதுலயும் தரை ஜில்லுனு கிடந்தா இன்னும் மோசம். பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து மெர்லின்னு ஒரு லேசர் சாட்டிலைட் பண்றதே இதுக்குத்தான், சொந்த வெளிச்சத்தைக் கையோட கொண்டு போனா ராத்திரியிலயும் மீத்தேனை அளக்கலாம்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் பாக்கணும்னா, வருஷக்கணக்கா உறைஞ்சே கிடக்கற வடக்கு மண்ணுல, பெர்மாஃப்ராஸ்ட்டுல, இருக்கற கார்பன் இப்ப மொத்த வளிமண்டலத்துல இருக்கறதைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஈசாவும் நாசாவும் சேர்ந்து ஆம்பேக்னு (AMPAC) ஒரு ஆராய்ச்சி முயற்சியே இதுக்காக வச்சிருக்காங்க, அதைப் பத்தி அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் படிச்சுடுங்க.

இப்ப கையைக் கறையாக்கற வேலை. கோப்பர்னிகஸ் டேட்டா ஸ்பேஸ்ங்கற ஐரோப்பிய சாட்டிலைட் டேட்டா வெப்சைட்ல ஃப்ரீ அக்கவுண்ட் போட்டு சென்டினல்-5பி, லெவல் 2, மீத்தேன்னு தேடி, ஃபின்லாந்து வடக்கு மேல போன ஃபைல் ரெண்டு எடுங்க, ஒண்ணு மார்ச் கடைசி, ஒண்ணு ஜூலை. பைத்தான்ல எக்ஸ்அரேங்கற (xarray) லைப்ரரி வச்சு ஓப்பன் பண்ணா காலியா வரும், ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு நானே மூணு தடவை திரும்ப டவுன்லோட் பண்ணியிருக்கேன், அதெல்லாம் இல்ல, டேட்டா எல்லாம் "PRODUCT"ங்கற குரூப்புக்குள்ள இருக்கு, குரூப் பேரைக் குடுத்து ஓப்பன் பண்ணணும். உள்ள மீத்தேன் ஒரு தடவைக்கு மேல இருக்கும், ஒண்ணு நேரடிக் கணக்கு, இன்னொண்ணு பயஸ், அதாவது ஒரே பக்கமா சாயற தப்பு, சரி பண்ணினது. ரெண்டாவதை எடுங்க. ஒவ்வொரு பிக்சலோட தரத்தையும் சொல்ற கியூஏ வேல்யூ (qa_value) 0.5-க்கு மேல இருக்கறதை மட்டும் வச்சுட்டு மேப் போடுங்க.

மார்ச் மேப் ஓட்டை ஓட்டையா இருக்கும், அதுதான் சரி. சோடான்கூலான்னு ஃபின்லாந்துல ஒரு ஊரு, 67 டிகிரி வடக்கு, மார்ச் 21 உச்சி வெயில் நேரத்துலயே சூரியன் தலைக்கு நேர்ல இருந்து 67 டிகிரி சாஞ்சு நிக்கும், அந்தக் கியூஏ ஃபில்டரோட எல்லை 70. நூலிழையில தப்பிக்குது. பிப்ரவரி நடுவுல 80 டிகிரி, ஒரு பிக்சல் கூட மிஞ்சாது.

அடுத்து, மிஞ்சின பிக்சல்லயும் பனி இருக்கான்னு பாருங்க, ஏன்னா பனி மேல எடுத்த மீத்தேன் அளவு தப்பாப் போக வாய்ப்பு ஜாஸ்தி. டீட்டெய்ல்டு ரிசல்ட்ஸ்ங்கற உள் குரூப்புல ரெண்டு ஆல்பிடோ, அதாவது தரை எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புதுங்கற அளவு, இருக்கும், அண்மை அகச்சிவப்புல ஒண்ணு, அந்த 2.3 மைக்ரான் பக்கம் ஒண்ணு. முதலாவதை 2.4-ஆல பெருக்கி, அதுல இருந்து ரெண்டாவதை 1.13-ஆல பெருக்கிக் கழிங்க. 0.85-க்கு மேல வந்தா பனின்னு தள்ளிடலாம். பனிக்கு சுமாரா 0.9-ம் 0.05-ம் போட்டா 2.1 வருது, காட்டுக்கு 0.25-ம் 0.1-ம் போட்டா 0.49 வருது, எவ்வளவு சுத்தமாப் பிரியுது பாருங்க. இந்தச் சின்னக் கணக்கை எதுக்குப் பண்றோம்னு உங்களால ரெண்டு வரியில சொல்ல முடிஞ்சா பாதிக் கிணறு தாண்டியாச்சு.

நேரம் இருந்தா இன்னொரு படி. சோடான்கூலாவுல தரையில இருந்து நேரா சூரியனைப் பாத்து அளக்கற ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கு, டிக்கான்ங்கற (TCCON) உலக நெட்வொர்க்கைச் சேர்ந்தது, ஸ்வால்பார்டு நீ-ஓலசுன்ட்லயும் ஒண்ணு இருக்கு, அந்த டேட்டாவும் ஃப்ரீதான். சாட்டிலைட் நம்பரைப் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. வசந்தத்துல வித்தியாசம் அதிகமா இருந்தா உடனே சாட்டிலைட்டைத் திட்டாதீங்க, போலார் வோர்டெக்ஸ், அதாவது குளிர்காலத்துல துருவத்தைச் சுத்தி உயரத்துல சுழலற பெரிய காத்துச் சுழல், தலைக்கு மேல நிக்கும்போது மேல இருந்து மீத்தேன் கம்மியான காத்து இறங்கியிருக்கும், எந்த உயரத்துல எவ்வளவு மீத்தேன்னு கணக்குல முதல்லயே ஊகிச்சு வச்சது அதோட ஒத்துப்போகாது.

லெட்டர்ல இதைத்தான் எழுதணும். "ரிமோட் சென்சிங்ல ஆர்வம், பைத்தான் தெரியும்"னு எழுதறதுக்குப் பதிலா, "மார்ச் மாசம் வடக்கு ஃபின்லாந்து மேல ஃபில்டர் போட்டேன், இத்தனை பிக்சல் இருந்தது, பனியைத் தள்ளினதும் இத்தனைதான் மிஞ்சினது, அந்த இடைவெளியை எப்படி நிரப்பறதுன்னு உங்ககிட்ட கத்துக்க ஆசைப்படறேன்"னு உங்க நம்பரோட எழுதுங்க. எழுதின ப்ரோக்ராமை கிட்ஹப்ல போட்டு லிங்க் குடுங்க, நீட்டா இல்லன்னாலும் பரவால்ல, ஆனா அடுத்தவங்க ரன் பண்ணா ஓடணும்.

அடுத்து பெரும்பாலும் ரெக்கார்ட் பண்ற வீடியோ இன்டர்வியூ, எதிர்ல ஆளே இல்லாம ஸ்க்ரீன்ல கேள்வி வரும், டைமர் ஓடும். என் முதல் வீடியோ இன்டர்வியூ, அது வேற ஒரு இடத்துல, நான் பாதி நேரம் ஆல்பிடோன்னா என்னன்னு விளக்கிட்டே இருந்தேன், கேட்ட கேள்வியோ டீம்ல சண்டை வந்தா என்ன பண்ணுவீங்கன்னு, கேள்வியை ஒழுங்கா வாசிக்கல. ஃபோன்ல ரெண்டு நிமிஷம் டைமர் வச்சு உங்களையே ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க, பாக்கவே கூச்சமா இருக்கும், பண்ணுங்க. எர்த் அப்சர்வேஷன் இடங்கள் நிறைய ரோம் பக்கத்துல ஃப்ராஸ்காட்டியில இருக்கற ஈசாவோட எஸ்ரின் மையத்துல வரும், சிலது இங்கிலாந்து ஹார்வெல்ல வரும், அதனால ஏன் இந்த ஊருன்னு கேட்டா பாஸ்தா பிடிக்கும்னு சொல்லி வைக்காதீங்க.

இப்ப நம்ம ஊரு பாஸ்போர்ட்காரங்க. ஜெர்மனியில ப்ரேமன் யுனிவர்சிட்டி ட்ரோப்போமி மீத்தேனுக்குத் தனியா ஒரு அல்காரிதமே வச்சிருக்கு, நெதர்லாந்துல எஸ்ஆர்ஓஎன்ங்கற (SRON) விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, ஃபின்லாந்து வானிலை நிறுவனம் இருக்கு. பிஎச்டி இடத்துக்குப் பொதுவா பாஸ்போர்ட் பாக்க மாட்டாங்க, மேல சொன்ன அதே ரெண்டு ஃபைல் வேலை அங்கயும் செல்லும். இந்தியாவுக்குள்ளன்னா கோவாவுல இருக்கற துருவ, கடல் ஆராய்ச்சி மையம், அவங்க பாத்துக்கற ஹிமாத்ரி நிலையம் 2008-ல இருந்து அதே நீ-ஓலசுன்ட்லதான் இருக்கு.

பிப்ரவரிக்கு எத்தனை வாரம் இருக்குன்னு எண்ணிட்டு இருக்காம இன்னிக்கு ராத்திரியே அந்த மார்ச் ஃபைலை டவுன்லோட் போடுங்க, ஹாஸ்டல் வைஃபைன்னா எப்படியும் விடியற வரைக்கும் ஓடும்.