பாதாம் பருப்பில் வழவழப்பான பால் எடுக்கும் முறை

தமிழ்நாட்டுக் கடைகளில் ‘பாதாம் பால்’ என்று கேட்டால், மஞ்சள் நிறத்தில் ஏலக்காய் மணக்கும் பசும்பாலைத்தான் கொடுப்பார்கள். இங்கே சொல்லப்போவது அதுவன்று. தேங்காய்ப் பால் எடுப்பதுபோல, ஊறவைத்த பாதாம் பருப்பைத் தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தெடுக்கும் பாலைப் பற்றியது. இதை முதல் முறை செய்து பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: குடிக்கும்போது நாக்கில் நறநறவென்று தட்டுகிறது, தொண்டையில் மாவு போலத் தங்குகிறது. அதற்காக வடிகட்டியையும் துணியையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். என் அனுபவத்தில் குறை வடிகட்டுவதில் இல்லை. அதற்கு முன்பே, ஊறவைப்பதிலும் அரைப்பதிலும் நேர்ந்துவிடுகிறது.

தேங்காய்ப் பால் எடுத்துப் பழகிய பழக்கம்தான் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. தேங்காய்த் துருவலை ஒன்றிரண்டாக அரைத்தாலும் போதும். அதன் சக்கை நீளமான நாராக இருப்பதால் துணியிலேயே நின்றுவிடும். பாதாம் அப்படியன்று, அது நொறுங்கும் பருப்பு, உடைபடும்போது பொடியாக உதிர்கிறது. அரைகுறையாக அரைத்தால் அந்தப் பொடியில் ஒரு பகுதி துணியின் கண்ணுக்குள் நுழையும் அளவுக்குச் சிறிதாகவும், நாக்குக்குத் தட்டுப்படும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்கும். அந்த நடுத்தரத் துகளை ஒழிப்பதுதான் முழு வேலையும்.

100 கிராம் பாதாமுக்கு மொத்தம் 500 முதல் 600 மில்லி தண்ணீர் சரியான அளவு. பாயசத்துக்கோ குழம்புக்கோ கெட்டியாக வேண்டுமென்றால் 400 மில்லி போதும். பருப்பு வறுக்காததாக, உப்புப் போடாததாக இருக்க வேண்டும். வாங்கியதும் இரண்டு பருப்பை மென்று பாருங்கள். காறல் வாடை அடித்தால் அந்த வாடை பாலில் இரு மடங்காகத் தெரியும், எத்தனை ஏலக்காய் போட்டாலும் மறையாது. பூஞ்சை பிடித்த பருப்பையும், கடுங்கசப்பாக இருக்கும் பருப்பையும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்; கசப்புப் பாதாமில் உள்ள அமிக்டலின் என்ற பொருள் நீரோடு சேர்ந்து அரைபடும்போது சயனைடை வெளியிடும் தன்மையுடையது.

பருப்பை இரண்டு முறை கழுவி, அது நன்றாக மூழ்கி மேலும் இரண்டு விரற்கடை நிற்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, 8 முதல் 12 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் வெளியே வைத்தால் விடிவதற்குள் தண்ணீர் நுரைத்துப் புளித்த வாடை வந்துவிடும் என்பதால், பிரிட்ஜில் வைப்பதே நல்லது. ஊறிவிட்டதா என்று அறிய ஒரு பருப்பை இரண்டாகப் பிளந்து பாருங்கள்: நடுவில் சுண்ணாம்பு போல வெளுத்து, உலர்ந்த பகுதி தெரிந்தால் இன்னும் நேரம் தேவை. அவசரத்துக்குக் கொதிநீர் ஊற்றி ஒரு மணி நேரத்தில் எடுப்பவர்களும் உண்டு. தோல் உரிவதென்னவோ எளிதாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே பருப்பு இளகியிருக்காது, பாலில் துகள் தட்டும்.

ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தோலை உரிக்க வேண்டும். பிதுக்கம்பருப்பு எடுப்பதுபோல விரல்களுக்கிடையே அழுத்தினால் பருப்பு நழுவி வெளியே வந்துவிடும். அடம்பிடிக்கும் பருப்புகளை மட்டும் ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டெடுக்கலாம். தோலோடு அரைத்தால் சத்து அதிகம் என்று சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாலுக்குத் துவர்ப்பும் பழுப்பு நிறமும் கொடுப்பது அந்தத் தோல்தான், எளிதில் அரைபடாமல் நின்று நறநறப்பைக் கூட்டுவதும் அதுதான். வழவழப்பு வேண்டுமென்றால் தோல் போகத்தான் வேண்டும்.

இனி அரைப்பது. எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றிப் பெரிய ஜாரில் ஓட விடுவது பலரும் செய்யும் தவறு. தண்ணீர் அதிகமாக இருந்தால் பருப்புத் துண்டுகள் பிளேடுக்கு அகப்படாமல் சுழன்றுகொண்டே இருக்குமே தவிர அரைபடாது. சட்னி ஜாரில் பாதி அளவுக்கு மட்டும் பருப்பைப் போட்டு, முதலில் தண்ணீர் இல்லாமல் விட்டு விட்டு ஓட்டி உதிர்த்துக்கொண்டு, பிறகு மூன்று நான்கு மேசைக்கரண்டி குளிர்ந்த நீர் விட்டு அரைக்க வேண்டும். 40 வினாடி ஓட்டுவது, நிறுத்துவது, பக்கங்களில் ஒட்டியதை வழித்துவிடுவது, ஒரு நிமிடம் ஆறவிடுவது என்று நான்கைந்து முறை செய்தால் விழுது மை போல ஆகும். ஆறவிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மிக்ஸி சூடேறினால் பருப்பின் எண்ணெய் பிரிந்து மேலே திரண்டுவிடும்; அப்புறம் அது நீரோடு எளிதில் கலக்காது. பிரிட்ஜில் வைத்த நீரைப் பயன்படுத்துவதும் இதற்காகவே. விழுதை இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். சந்தனம் போல வழுக்கினால் சரி, ரவை போலத் தட்டினால் இன்னொரு சுற்று ஓட்ட வேண்டும். இந்தச் சோதனையை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது, ஏனென்றால் நீர் சேர்த்த பிறகு திரும்பி வர வழியில்லை.

விழுது பதத்துக்கு வந்ததும் பெரிய ஜாருக்கு மாற்றி, மீதி நீரில் முக்கால் பங்கை ஊற்றி ஒரு நிமிடம் ஓட்டிக் கலக்கினால் போதும். வீட்டில் கல் கிரைண்டர் இருந்து, குறைந்தது 300 கிராம் பருப்பும் இருந்தால், மிக்ஸியைவிட அது மேல். கல் மெதுவாகச் சுழல்வதால் சூடும் ஏறாது, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் விழுது வெண்ணெய் போல வரும். ஆனால் கல்லில் பழைய இட்லி மாவின் புளிப்பு ஒட்டியிருந்தால் பால் அன்று மாலையே கெட்டுப்போகும். நான் ஒருமுறை அப்படி முக்கால் லிட்டரைக் கொட்டியிருக்கிறேன்.

அரைத்ததும் மேலே நுரை நிற்கும். உடனே வடிகட்டினால் நுரை துணியை அடைத்துக்கொள்ளும் என்பதால் பத்து நிமிடம் அப்படியே வைத்திருங்கள். பழைய பருத்தி வேட்டித் துணி இதற்கு மிகவும் ஏற்றது. புதுத் துணியானால் கஞ்சி போகும்படி கொதிநீரில் அலச வேண்டும், சோப்பு வாடை சிறிதும் இருக்கக் கூடாது. துணியை நனைத்துப் பிழிந்து பாத்திரத்தின் மேல் விரித்து, பாலை ஊற்றி, முதலில் தானாகவே வடிய விடுங்கள். பிறகு முனைகளைச் சேர்த்து மெல்ல முறுக்கலாம். தேங்காய்க்குச் செய்வதுபோல முழுப் பலத்தோடு பிழிந்தால் கடைசியில் வருவது பாலன்று, மாவு. அந்தக் கடைசிப் பிழிவைத் தனியாக எடுத்துக் குருமாவுக்கு வைத்துக்கொள்ளலாம். சக்கையை மீதி நீரோடு மறுபடி அரைத்து இரண்டாம் பாலும் எடுத்து முதல் பாலோடு சேர்க்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் நேர்த்தி வேண்டுபவர்கள் பாலை ஒரு மணி நேரம் பிரிட்ஜில் அசையாமல் வைத்து, அடியில் படிந்த மெல்லிய வண்டலை விட்டுவிட்டு மேலாக இறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சிட்டிகை உப்பு சுவையை எடுத்துக்காட்டும். இனிப்புக்கு ஊறவைத்த பேரீச்சை இரண்டை விழுதோடு அரைக்கலாம். பால் நீர்த்திருப்பதாகத் தோன்றினால், பாதாமோடு பத்து முந்திரியைச் சேர்த்து ஊறவைத்து அரைப்பது நல்ல வழி. முந்திரியில் உள்ள மாவுச்சத்து பாலைக் கெட்டியாக்கும். முந்திரியில் மட்டுமே பால் எடுப்பதானால் 3 மணி நேரம் ஊறினால் போதும், மைய அரைத்தால் வடிகட்டவும் தேவையில்லை. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் உடைத்த முந்திரியே இதற்குத் தாராளம். முழு முந்திரிக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

இந்தப் பால் சில மணி நேரத்தில் மேலே ஆடை போலவும் கீழே நீராகவும் பிரியும். கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். கடையில் பெட்டியில் விற்கும் பாதாம் பாலில் கெல்லன் பசை, லெசிதின் போன்ற, பிரியாமல் நிறுத்தும் பொருள்களைச் சேர்ப்பதால் அங்கே பிரிவதில்லை, வீட்டில் குலுக்கிக்கொண்டால் சரியாகிவிடும். கண்ணாடிப் பாட்டிலில் மூடிப் பிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். புளித்த வாடை வந்துவிட்டால் காய்ச்சிக் காப்பாற்ற முயலக் கூடாது.

பசும்பாலுக்கு இது சமம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. 100 கிராம் பாதாமில் சுமார் 21 கிராம் புரதம் உண்டு என்றாலும், அது 600 மில்லியில் பரவுவதோடு கணிசமான பங்கு சக்கையிலேயே தங்கிவிடுகிறது. கால்சியமும் பசும்பாலைவிட மிகக் குறைவு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ, மருத்துவர் சொன்ன பால்மாவுக்கோ மாற்றாக இதைக் கொடுக்கவே கூடாது. பாதாம், முந்திரி போன்ற பருப்புகளின் ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், விருந்தினருக்குக் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுவது அவசியம்.

காப்பியில் சேர்க்கும்போதுதான் பலருக்கும் மனம் உடைகிறது, பால் திட்டுத்திட்டாகத் திரிந்துபோகும். டிகாக்ஷனின் புளிப்பும் கொதிக்கும் சூடும் ஒன்றாகச் சேர்ந்து பாதாமின் புரதத்தை உறையச் செய்வதே காரணம். குளிர்ந்த பாலைக் கொதிக்கும் டிகாக்ஷனில் ஊற்றாமல், பாலைச் சிறு தீயில் கிளறிக்கொண்டே ஆவி பறக்கும் வரை மட்டும் சூடாக்கி, கொதி வருவதற்கு முன் இறக்கி, சற்று ஆறிய டிகாக்ஷனை அதில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பெரும்பாலும் திரியாது. டவராவில் ஆற்றும்போது பசும்பால் அளவுக்கு நுரை எழாது. பத்து முந்திரி சேர்த்து எடுத்த பாலில் கொஞ்சம் எழும்.