இலக்கிய ஆய்வு: முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் ஒப்பிட்டுத் தொடங்குங்கள்

ஒரு சிறுகதையையோ நாவலையோ ஆய்வு செய்து கட்டுரை எழுத வேண்டியிருந்தால், படித்து முடித்த கையோடு அதன் முதல் பத்தியை மீண்டும் படித்து, கடைசிப் பத்தியுடன் ஒப்பிட்டு, இடையே மாறியிருப்பது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் தந்தையை ‘அவர்’ என்று தள்ளி நிறுத்திப் பேசும் மகன் முடிவில் ‘அப்பா’ என்கிறான் என்றால், அந்த மாற்றம் எந்த இடத்தில், எதனால், எத்தகைய மொழிநடையில் நிகழ்ந்தது என்று தேடுவதே உங்கள் ஆய்வு. கட்டுரைக்கு வேண்டிய மேற்கோள்களும் அந்தத் தேடலிலேயே கிடைத்துவிடும்.

கதை எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது, அதனால் என்ன பொருள் விளைகிறது என்பதைப் பிரதியிலிருந்தே சான்று காட்டி விளக்குவதுதான் ஆய்வு. பல கட்டுரைகள் வெறும் கதைச்சுருக்கமாக நின்றுவிடுவதற்குக் காரணம், கையில் ஒரு கேள்வி இல்லாமல் எழுதத் தொடங்குவதே. இந்த ஒப்பீடு அந்தக் கேள்வியைத் தந்துவிடுகிறது. எதுவுமே மாறவில்லை என்று தோன்றினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் மாறவில்லை என்பது பெரும்பாலும் இன்னும் நல்ல கேள்வி.

சில வரிகளே கொண்ட கவிதைக்கு இம்முறை உதவாது. அங்கே ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். முடிவு தீர்மானிக்கப்படுமுன்பே முதல் அத்தியாயம் அச்சேறிவிட்ட தொடர்கதைகளிலும் இதை அளவோடுதான் நம்பலாம்.