நெடுந்தீவுக்குப் போகமுன் மாமியோடு கதையுங்கள்

வெளிநாட்டிலிருந்து பங்குனி, சித்திரையில் யாழ்ப்பாணப் பக்கம் ஊருக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். தொப்பி, நுளம்புக் களிம்பு எல்லாம் நீங்களே எடுத்து வைப்பீர்கள், அதை விடுவோம். வேம்பு பூத்திருக்கிற, நுங்கு வரத் தொடங்குகிற காலம் அது. பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் வெளியில் இறங்கிச் சுற்றிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், போகிற இடத்தைவிட யாரோடு போகிறீர்கள், சாப்பாட்டை எதில் கட்டிக்கொண்டு போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தை அண்டிய கடலில் இருக்கிற நெடுந்தீவுக்கு நானும் மச்சானும் மட்டும் போவதாகத்தான் இருந்தது. இரண்டு சைக்கிள், ஆளுக்கொரு தண்ணிப்போத்தல், அவ்வளவுதான். மாமி விடவில்லை. "வெளியிலையிருந்து வந்து தனியப் போறியோ? சொந்தக்காரர் என்ன நினைப்பினம்?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தா. 19 வருசமாக எங்கள் வீட்டில் விளக்கு வைக்கிறவ அவதான், கிணறு இறைப்பிக்கிறது, வேலி அடைப்பிக்கிறது எல்லாம் அவதான். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் 24 பேர், ஒரு வான், சாப்பாட்டுச் செலவு என்னுடையது. சாப்பாட்டை ஒழுங்குபடுத்துகிற வேலையைப் பெடியளிடம் விட்டேன். எல்லாப் பிழையும் அங்கேதான் தொடங்கியது.

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகில் ஏறும்போதே எனக்கு மனம் சரியில்லை. அந்தப் படகு தீவுச் சனத்துக்குப் பேருந்து மாதிரி. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கந்தோர் அலுவலாக வந்தவர்கள், அரிசியும் கோழித்தீனும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் எல்லாரும் அதில்தான் போகவேண்டும். நாங்கள் 24 பேரும் முதலில் ஏறி இருந்துவிட்டோம். ஒரு வயதான அம்மா மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டையின் மேல் குந்தியிருந்தா. நான் எழும்பி இடம் கொடுத்தேன், ஆனால் எங்களில் மற்ற 23 பேரும் இருந்தபடிதான் இருந்தார்கள். தயவுசெய்து தீவுக்காரர் ஏறியபிறகு ஏறுங்கள். விடுமுறை நாளில் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம்.

மத்தியானம் ஆலமரத்தின் கீழ் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தோம். எல்லாப் பார்சலும் லஞ்ச் சீற்றில், சோறு கட்டுகிற மெல்லிய பொலித்தீன் தாளில். இலங்கையில் லஞ்ச் சீற் 2017 செப்ரெம்பர் 1இல் இருந்து தடை, ஆனால் கடைக்காரர் கட்டித் தந்தார், பெடியள் வாங்கி வந்தார்கள். 2023 ஒக்ரோபரில் பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, ஸ்ட்ரோ, இடியப்பத் தட்டு எல்லாவற்றையும் தடை செய்தபோது யோகட் கப்பை மட்டும் விட்டுவிட்டார்கள், அதிலும் 24 எங்களிடம் இருந்தது. அரை லீற்றர் தண்ணிப்போத்தல் இரண்டு பெட்டி. சட்டம் இருக்கிறதுதானே, கடையில் நல்லதாகத்தான் தருவார்கள் என்று நான் நம்பி இருந்துவிட்டேன்.

நெடுந்தீவுக் காற்றைத் தெரியும்தானே. சாப்பிட்டு எழும்பிக் கை கழுவுவதற்குள் பாதி பறந்துவிட்டது. முருகைக்கல் வேலி இடுக்கெல்லாம் கப். ஒரு மட்டக்குதிரை, மெலிந்த பெட்டைக்குதிரை, விலா எலும்பை எண்ணலாம், குழம்பு பூசின ஒரு சீற்றை வாயில் கவ்விக்கொண்டு நின்றது. மெல்ல மெல்லச் சப்பச் சப்ப அந்தச் சீற் உள்ளே போய்க்கொண்டிருந்தது, நுனி மட்டும் உதட்டுக்கு வெளியே மஞ்சளாகத் தொங்கியது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். அது பயந்து சீற்றோடேயே பற்றைக்குள் ஓடிவிட்டது. போர்த்துக்கேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட குதிரைகளின் வழி என்று சொல்வார்கள். கடும் வறட்சியில் தண்ணீர் இல்லாமல் செத்துப் போகிற சீவன்கள் அவை. தாகத்தில் செத்தால் மழையைக் குறை சொல்லலாம், இதற்கு யாரைச் சொல்வது? அந்தச் சாப்பாடு என் காசு.

மிச்சத்தைப் பொறுக்கி இரண்டு உரப்பையில் கட்டினோம். தீவில் விட்டுவிட்டு வர மனமில்லை, அங்கிருந்து குப்பையை எங்கே கொண்டுபோவார்கள்? படகில் ஏற்றினோம். வான் றைவர் மணக்குது என்று ஏற்ற மறுத்தார், கூடக் காசு கொடுத்தபிறகு கூரையில் கட்டினார். வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் பின்னேரம் கிணற்றடியில் புகை. மாமி இரண்டு பையையும் போட்டுக் கொளுத்திக்கொண்டு நிற்கிறா. கொடியில் காய்ந்த உடுப்பெல்லாம் பிளாஸ்ரிக் மணம். இப்படித் திறந்தவெளியில் எரிப்பதும் 2017இலேயே தடை செய்யப்பட்டது என்று நான் சத்தம் போட்டேன். அவ தடியால் நெருப்பைக் கிண்டிக்கொண்டே சொன்னா:

"தம்பி, நீ ரெண்டு கிழமையிலை போயிடுவாய். குப்பை ஏத்திற சபை உழவு மெசின் வராட்டி இதை நான் எங்கை கொண்டுபோய்ப் போடுறது?"

எனக்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

சரி, இதையெல்லாம் அனுபவித்தபிறகு சொல்கிறேன். செலவு உங்களுடையது என்றால் குப்பையும் உங்களுடையதுதான், அதை மாமியின் கிணற்றடியில் விட்டுவிட்டுப் பிளேன் ஏறாதீர்கள். சாப்பாட்டைக் கடைக்குச் சொல்லாமல் வீட்டில் சமையுங்கள். வாழையிலையை நெருப்பில் வாட்டிக் கட்டினால் சோறு பின்னேரம் வரை நன்றாக இருக்கும், வாசமும் தனி. பனையோலையில் தட்டுவமும் பிளாவும், அதாவது சாப்பிடவும் குடிக்கவும் ஏனங்கள், பின்னத் தெரிந்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், முதல் கிழமையே சொல்லிவைத்தால் பின்னித் தருவார்கள், அவர்களுக்கும் நாலு காசு. போத்தல் பெட்டி வேண்டாம், 20 லீற்றர் கானும் நாலு சில்வர் தம்ளரும் போதும். தீவில் நல்ல தண்ணீர் அருமை, அங்கே போய்க் கிணறு தேடாதீர்கள். சித்திரைப் பிறப்பை ஒட்டி யாழ்ப்பாணத்தில் உச்சிவெயில் நேரே தலைக்கு மேலே நிற்கும், அதனால் நடப்பது, சைக்கிள் ஓடுவது எல்லாவற்றையும் பத்து மணிக்கு முன் முடித்துவிடுங்கள்.

மன்னார் போகிறவர்கள் வங்காலையைத் தவறவிடாதீர்கள், 2010இல் இருந்து அது ராம்சார் ஈரநிலம், சர்வதேச முக்கியத்துவமுள்ளதாக ஏற்றுக்கொள்ளப்பட்ட இடம். பங்குனியில் வலசைப் பறவைகள் வடக்கே பறக்க உடம்பில் கொழுப்புச் சேர்க்கிற நேரம். படத்துக்காகக் கிட்டப் போய்க் கலைத்தால் அவை சேர்த்ததை வீணாக எரிக்கவேண்டி வரும். ட்ரோனுக்கு சிவில் விமான அதிகார சபையின் அனுமதி வேண்டும், அனுமதி கிடைத்தாலும் பறவைக் கூட்டத்தின் மேல் விடவேண்டாம். அப்புறம், எங்கேயாவது மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் பூ எவ்வளவு வடிவாக இருந்தாலும் உள்ளே கால் வைக்காதீர்கள்.

போய் இறங்கின முதல் நாளே வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள்: குப்பை வண்டி என்றைக்கு வரும், வராத கிழமையில் என்ன செய்வீர்கள்? மாதாமாதம் மாமிக்குப் போன் எடுத்து, காசு கிடைச்சுதோ என்று கேட்டிருக்கிறேன். இதை 19 வருசத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.