நாயின் தோலில் சீழ்க்கொப்புளமா? வேப்பிலைத் தண்ணீரில் கழுவும் முறை

மழைக்காலத்தில் நாயின் அடிவயிறு, தொடை இடுக்குப் பக்கம் கொஞ்சம் முடியை விலக்கிப் பாருங்கள். சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளங்கள் இருக்கலாம். உடைந்த இடத்தில் ஓரம் உரிந்த வட்டமாகச் செதில் நிற்கும். பெரும்பாலும் இது ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. ஆரோக்கியமான நாயின் தோலிலும் அது இருக்கும். உண்ணி, தெள்ளுப்பூச்சி, ஒவ்வாமை என ஏதாவது தோலைக் கெடுத்ததும் பெருகிவிடும். ஆகவே உண்ணியை ஒழிக்காமல் எந்த இலையைக் கொதிக்க வைத்தும் பயனில்லை.

கீழே உள்ள முறை உள்ளங்கை அளவுக்குள் அடங்கும் மேலோட்டமான தொற்றுக்கு மட்டும். வேப்பிலைச் சாறு ஆய்வகச் சோதனைகளில் பாக்டீரியாவை அடக்குகிறது. ஆனால் நாயின் தோலில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்புவுக்கு இருக்கும் அளவு சான்று அதற்கு இல்லை. டாக்டர் ஷாம்பு கொடுத்திருந்தால் அதை நிறுத்திவிட்டு இதைச் செய்யாதீர்கள்.

1. முடியை வெட்டுங்கள். புண்ணைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு ட்ரிம்மரால் எடுங்கள். ரேசர் வேண்டாம், கீறிவிடும்.

2. தண்ணீர் தயாரியுங்கள். கழுவிய வேப்பிலை இரண்டு கைப்பிடி, தண்ணீர் ஒரு லிட்டர். தண்ணீர் பச்சை கலந்த பழுப்பாகும் வரை கொதிக்கவிட்டு, ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அன்றன்று புதிதாகப் போடுங்கள். நேற்றைய தண்ணீரில் கிருமி வளர்ந்திருக்கும்.

3. பத்து நிமிடம் ஊறவிடுங்கள். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். ஊற்றி உடனே துடைத்தால் வெறும் தண்ணீர் ஊற்றிய மாதிரிதான். சுத்தமான துணியை நனைத்துப் புண்மேல் ஒற்றிவைத்து, காயக் காய மறுபடி நனையுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், ஊறித் தானே வரட்டும்.

4. நன்றாக உலர்த்துங்கள். ஈரம் நின்றால் செய்ததெல்லாம் வீண். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, மின்விசிறிக்கு அடியில் உட்கார வையுங்கள்.

5. மஞ்சள். மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் குழைத்து, உலர்ந்த செதில்மேல் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். நீர் கசியும் புண்ணில் எண்ணெய் வேண்டாம். ராஜபாளையம் போன்ற வெள்ளை நாயாக இருந்தால் முடியில் மஞ்சள் கறை சில நாள் போகாது.

6. நக்கவிடாதீர்கள். புண்ணுக்கு வாய் எட்டாதபடி கழுத்தில் கோன் (புனல் வடிவப் பட்டை) மாட்டுங்கள்.

தினமும் இருவேளை செய்யுங்கள்.

மாட்டுப் புண்ணுக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிய மூலிகை எண்ணெயில் குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சளோடு பூண்டும் உண்டு. மாட்டுக்கு அது நல்ல மருந்து. நாய்க்கு அப்படியே தடவினால் நக்கி விழுங்கிவிடும். பூண்டு நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். டீ ட்ரீ ஆயிலும் வேண்டாம், நீர்க்காமல் தடவினால் நடுக்கமும் தள்ளாட்டமும் வரும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு அரிப்பை அடக்கும், தொற்றை வளர்க்கும்.

நான்கு நாளில் குறையாவிட்டாலோ, துர்நாற்றம், ரத்தம் கலந்த சீழ், காய்ச்சல் இருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குட்டி நாய் என்றால் நான்கு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது வட்ட வட்டமாக அரிப்பு வந்தால், நாய்க்கு இருப்பதும் படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு. மருத்துவரிடம் போகும் அன்று புண்மேல் எதையும் தடவாதீர்கள். கண்ணாடித் தகட்டில் ஒற்றி நுண்ணோக்கியில் பார்க்கும்போது எண்ணெயும் மஞ்சளும் குறுக்கே நிற்கும்.