பொன்மொழிகளைப் பகிரும்போது செய்யக்கூடாத தவறுகள்

நறுக்கென்று ஒரு வரி கண்ணில் பட்டால் உடனே யாருக்காவது அனுப்பத் தோன்றும். அதில் தப்பில்லை. ஆனால் அதை யார் சொன்னார், அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுகிறோமே, அங்கேதான் பொருள் கெட்டுப்போகிறது.

அதிகம் அடிபடுவது மார்க்ஸின் ‘மதம் மக்களின் அபின்’. 1844-ல் வெளிவந்த கட்டுரையில் உள்ள வரி. இதற்கு முந்தைய வாக்கியத்திலேயே மதத்தை ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு என்றும், இதயமற்ற உலகின் இதயம் என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் வலி தணிக்க மருத்துவர்களே அபினைக் கொடுத்தார்கள். இதையெல்லாம் சேர்த்துப் படித்துப் பாருங்கள். அவர் மதத்தை விமர்சிக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் அவர் கண் இருப்பது வலியின் மேல். மூன்று சொற்களை மட்டும் பிய்த்து எடுத்து, நம்பிக்கை உள்ளவர்கள் மேல் வசவாக வீசுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயின் ‘கடவுள் இறந்துவிட்டார்’ கதையும் இதுதான். 1882-ல் வந்த நூலில், பட்டப்பகலில் விளக்கேந்திச் சந்தைக்கு வரும் ஒரு பித்தன் அதைச் சொல்கிறான். ‘நாம்தான் அவரைக் கொன்றோம்’ என்றும் சொல்கிறான். இதை வெற்றி முழக்கமாகப் பகிர்கிறார்களே, அதில் வெற்றிக் களிப்பு எங்கே இருக்கிறது?

அப்புறம், பாத்திரத்தின் பேச்சை ஆசிரியரின் அறிவுரையாக எடுத்துக்கொள்வது. ‘சபலத்தைத் தவிர வேறு எதையும் என்னால் எதிர்த்து நிற்க முடியும்’ என்பது 1892-ல் மேடையேறிய ஆஸ்கார் வைல்டின் நாடகத்தில் ஒரு பிரபு பேசும் வசனம்.

பெயர் மாறுவதும் சகஜம். ‘நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரைக் கொடுத்தும் போராடுவேன்’ என்பது பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் எழுதியது அல்ல. அவருடைய மனப்போக்கை விளக்க ஆங்கில எழுத்தாளர் ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் 1906-ல் எழுதிய வரி. நானும் பல வருடம் வால்டேர் பெயரில்தான் குறித்து வைத்திருந்தேன்.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, மனித இயல்பைச் சொல்லும் வரியை அடுத்தவரைக் குத்தப் பயன்படுத்துவது. ‘போலித்தனம் என்பது தீமை நன்மைக்குச் செலுத்தும் மரியாதை’ என்றார் பிரெஞ்சுக்காரரான லா ரோஷ்ஃபூக்கோ. யாரையோ நினைத்துக்கொண்டு படித்தால் அது வெறும் குத்தல். நம்மை வைத்துப் படித்தால் இன்னொன்று தெரியும்: நல்லவராக நடிக்கும்போதுகூட, நல்லதுதான் உயர்ந்தது என்று நாம் உள்ளுக்குள் ஒப்புக்கொள்கிறோம்.